கூட்டைக் கலைக்குமுன்

வீட்டின் இறவாணத்திலோ மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ ஒரு கூடு கண்ணில் பட்டதும், அது தேன்கூடா குளவிக்கூடா என்று தெளியாமலே மருந்தடிப்பவரை வரவழைப்பது இன்று நகரங்களிலும் அவற்றை ஒட்டிய ஊர்களிலும் இயல்பாகிவிட்டது. இதைச் சிறு கவனக்குறைவு என்று தள்ளிவிட்டால் அதனுள் கிடக்கும் சமயக் கேள்வி புலப்படாமல் போகும். கொல்லப்படுவது எது என்று அறியாமல் செய்யும் கொலை, அறிந்து செய்யும் கொலையைவிடக் குற்றம் குறைந்ததா, மிகுந்ததா என்பதே அக்கேள்வி. காஞ்சிபுரத்தின் தென்புறத்தில் பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் செவிலிமேடு இக்கேள்வியை வைத்துப் பார்ப்பதற்கு மிகவும் தகுந்த இடம். வைணவம், சமணம், பட்டு நெசவு ஆகிய மூன்றும் அங்கே சில கிலோமீட்டர் தொலைவுக்குள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன.

முதலில் இவ்விரு உயிர்களையும் அறிந்துகொள்ள வேண்டும். தேனீயின் உடலில் மயிர் அடர்ந்திருக்கும். பின்னங்கால்களில் மகரந்தம் மஞ்சள் உருண்டையாகத் திரண்டிருக்கும். குளவியின் உடல் வழவழப்பானது, இடை மிகக் குறுகியது. கூடு இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். தேனீ தன் உடலில் சுரக்கும் மெழுகால் கட்டுகிறது. காகிதக் குளவியோ பழைய மரத்தைச் சுரண்டி, எச்சிலோடு மென்று, சாம்பல் நிறத் தாள் போன்ற ஒன்றை ஆக்கி அதனால் கட்டுகிறது. வெயிலில் வெளுத்த கதவுச் சட்டத்தில் குளவி ஒன்று பின்னோக்கி நகர்ந்தபடி சுரண்டுவதைக் கிட்டே நின்று கவனித்தால், அது போன வழியில் நூலிழை அகலத்துக்கு ஒரு வெளிர்க்கோடு விழுந்திருப்பதைக் காணலாம். சுற்றுப்புறம் அமைதியாக இருந்தால் அந்தச் சுரண்டல் ஒலியும் காதில் விழும்.

தேனீ நல்லது, குளவி கெட்டது என்னும் எளிய பாகுபாடு இங்கே உதவாது. கோபுரங்களிலும் உயரமான நீர்த்தொட்டிகளிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ, சீண்டப்பட்டால் கூட்டமாகத் துரத்தி உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியது. தாழ்வாரத்தில் உள்ளங்கையளவு கட்டியிருக்கும் காகிதக் குளவியோ கூட்டைத் தொடாதவரை பெரும்பாலும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பொந்துத்தேனீக்கள் சில வேளைகளில் அடையே இல்லாமல் ஒரு கிளையில் கொத்தாகத் தொங்குவதுண்டு. அது புதிய இடம் தேடிப் புறப்பட்ட கூட்டம். காக்க வேண்டிய குஞ்சுகளோ தேனோ அங்கே இல்லாததால் அது சீறுவதும் அரிது. சில மணி நேரத்திலோ சில நாளிலோ தானே போய்விடும் அந்தக் கொத்தின்மேல்தான் மருந்து அடிக்கடி பாய்கிறது.

செவிலிமேட்டுக்கு அண்மையில், சமணக் காஞ்சி என்று பெயர் பெற்ற திருப்பருத்திக்குன்றத்தில், வர்த்தமானருக்கு உரிய திரைலோக்கியநாதர் கோயில் இருக்கிறது. அதன் சங்கீத மண்டபம் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விஜயநகரத்து இருகப்பரால் எழுப்பப்பட்டது. அங்கே வழிபடுவோரின் மரபு உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது. தொல்காப்பிய மரபியலும் அவ்வாறே வகுத்துத் தும்பியை நான்கறிவுயிர் என்கிறது. சமணக் கணக்கில் தேனீக்கும் குளவிக்கும் தொடுதல், சுவைத்தல், முகர்தல், பார்த்தல் என நான்கு புலன்களே. ஒன்று மேல், மற்றது கீழ் என்பதற்கு இடமில்லை. மேலும், சமண இல்லறத்தார் கள்ளையும் ஊனையும் விலக்குவதுபோலத் தேனையும் விலக்குபவர்கள். ஆகவே அவர்கள் தேனீயைக் காப்பதை அதன் பயன் கருதியது என்று எவரும் சொல்லிவிட முடியாது. தேன் தருவதால் தேனீயைக் காக்க வேண்டும் என்று இன்று பரவலாகச் சொல்லப்படும் வாதத்தைவிட இது எவ்வளவோ ஆழமானது.

உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குத் தரும் இலக்கணத்தில், உயிர் போக்குதலோடு ‘பிரமாதம்’, அதாவது விழிப்பின்மை, சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. பிற்கால ஆசிரியர்கள் இம்சையை நான்காகப் பிரித்தனர்: வேண்டுமென்றே செய்வது, இல்லற வேலைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இல்லறத்தான் முற்றாகத் துறக்க வேண்டியது முதலாவது ஒன்றே. மற்றவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் கடந்தை என்னும் பெருங்குளவி கூடு வைத்து, அதை அகற்ற வேறு வழியும் இல்லையென்றால் அது நான்காம் வகையில் அடங்கும். ஆனால் கிளையில் இளைப்பாறும் தேனீக் கொத்தைக் குளவி என்று எண்ணி அழிப்பதைத் தற்காப்பு என்று எப்படிச் சொல்வது? அங்கே பகை என ஒன்று இருந்ததே இல்லை. பாராமையே அங்கே கொன்றது. எனவே அறியாமை இக்குற்றத்தைக் குறைப்பதில்லை, அதுவே குற்றத்தின் வேர் என்று கொள்வதே இம்மரபுக்கு இசைந்தது.

பார்த்தும் அறியாமை என்பது செவிலிமேட்டு வைணவ மரபிலும் இடம்பெறுகிறது. விந்தியக் காட்டில் வழி தவறிய இளம் இராமானுசருக்கு வேடரும் வேடுவச்சியும் துணையாக வந்ததாகவும், அவர்களின் தாகத்துக்கு அவர் சாலைக்கிணற்றில் நீர் எடுத்ததாகவும், அவர்கள் மறைந்த பின்னரே பெருமாளும் தாயாருமே வேட உருவில் வந்தவர்கள் என்று உணர்ந்ததாகவும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அந்தக் கிணறு இவ்வூரில் இருக்கிறது.

வேடரைக் குறிக்கும் வேட்டுவன் என்னும் சொல் மண்குளவிக்கும் பெயர். அது ஒரு புழுவைக் கொணர்ந்து கூட்டில் அடைத்து, ரீங்கரித்து ரீங்கரித்தே தன் வடிவமாக்கிவிடும் என்பது வேதாந்தத்திலும் சைவ சித்தாந்தத்திலும் புகழ்பெற்ற உவமை; பாகவதத்தின் 11ஆம் கந்தத்தில் அவதூதர் எண்ணிக் கூறும் 24 ஆசிரியர்களுள் இக்குளவியும் ஒன்று, தேனீயும் ஒன்று. உண்மையில் நடப்பது வேறு. குளவி புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, தன் முட்டையோடு கூட்டில் அடைத்து மண்ணால் மூடுகிறது. வெளிவரும் குளவி, அந்தப் புழுவைத் தின்று வளர்ந்த குஞ்சு. இதனால் உவமையின் கருத்து பொய்த்துவிடாது. எதை இடையறாது நினைக்கிறதோ அதுவாக மனம் மாறும் என்பது குளவியின் சான்றை நம்பி நிற்பதன்று. ஆயினும் போற்றுதற்கு உரிய நூல்மரபும்கூட, கூட்டைத் திறந்து பார்க்காதவரை, ஓர் இரையை மாணவன் என்று கொண்டிருந்தது என்பதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

பட்டு நெசவின் ஊரில் இந்த நுணுக்கம் எதற்கு என்று ஒரு மறுப்பு எழலாம். அது நியாயமான மறுப்பே. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்குப் பல ஆயிரம் கூடுகள், உள்ளே உயிர் இருக்கும்போதே, வெப்பத்துக்கு உள்ளாகின்றன. காஞ்சி சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் இதனாலேயே பட்டைத் துறக்கும்படி அடியார்களை வற்புறுத்தி வந்தார். தறியில் அமர்ந்திருப்பவர் கூட்டை வேகவைத்தவர் அல்லர். அவருக்குக் கூலியே வாழ்வு, அவர்மேல் பழி சுமத்துவது அறமாகாது. ஆனால் தொழிலில் தவிர்க்க இயலாத இம்சை ஒன்று இருப்பதால், தவிர்க்க இயலும் இம்சைக்கும் அனுமதி கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. முதலாவதன் கனம் தெரிந்தவர்களுக்கே இரண்டாவதைக் குறைக்கும் கடமை மிகுதி.

கூட்டை அடையாளம் காண்பது, எதைக் கொல்லலாம் என்று தேர்வதற்காக அன்று. எவ்வளவு காலம் பொறுக்கலாம், எவரை அழைக்கலாம் என்று தெரிந்துகொள்வதற்காக. மலைத்தேனீ பருவம் மாறினால் அடையை விட்டு இடம்பெயரும். அதுவரை பொறுக்க முடியாத இடமானால் தேன் எடுத்துப் பழகியவரையோ தீயணைப்புத் துறையினரையோ நாடலாம். பொந்துத்தேனீயைத் தேனீ வளர்ப்பவர் பெட்டியில் ஏற்றிக்கொள்வார். மண்குளவிக் கூட்டைத் தமிழ் வீடுகளில் நற்குறியாகக் கருதிக் கலைக்காமல் விடுவது பழைய வழக்கம். அந்தக் கூட்டில் வட்டமான சிறு துளை தெரிந்தால், உள்ளே வளர்ந்தது வெளியே பறந்துவிட்டது என்று பொருள். பிறகு அது வெறும் மண்.