வழிவிடு விருந்தும் கட்டமுதும்

பல்லாண்டு ஒருங்கு வழிபட்டும் ஒருங்கு உண்டும் பழகிய சிவநேயர், தொழில்பற்றியோ மக்களுடன் உறைதல்பற்றியோ வேற்றூர்க்குக் குடிபெயர்தல் உலகில் நிகழ்வதொன்று. அவர் புறப்படுமுன் தம்மில்லத்து அழைத்து இருத்தி, அவர் விரும்புவன அறிந்து சமைத்து ஊட்டுதல் அன்புடையார் வழக்கம். இச்செயல் பாசத்தை வளர்ப்பதோ, அன்றிச் சிவபுண்ணியம் ஆவதோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

பற்றறுத்தலே சைவர்க்குக் கடனாதலின், பிரிவார்பொருட்டுக் கண்கலங்கி அடுப்பின்முன் நிற்றல் பேதைமையாம் என்பர் ஒருசாரார். அற்றன்று. என்னையெனின், சிவஞானபோதத்து 12-ஆம் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் அன்பரொடு கூடுதலை மலம் நீங்கும் நெறியோடு சேர்த்தே ஓதினாராகலின் என்க. அன்பு பாசமாவதில்லை; அன்பினுட் புகுந்து ‘எனது’ எனப் பற்றி நிற்கும் ஆணவச் செருக்கே பாசமாவது.

இவ்வேறுபாட்டைச் சேரமான் பெருமாள் நாயனார் வரலாற்றிற் காணலாம். திருவாரூரிற் பரவையார் மாளிகையில் நம்பியாரூரரும் சேரமானும் ஒருங்கிருந்து அமுது செய்தனர் எனச் சேக்கிழார் கூறுவர். பின்னர்க் கொடுங்கோளூரில் தங்கியிருந்த நம்பிகள் ஆரூர்ப் பெருமானை நினைந்து புறப்பட்டபொழுது, சேரமான் பிரிவாற்றாது வருந்தினார். ஆயினும் பெருமான்பாற் செல்லும் உள்ளத்தை விலக்க அஞ்சி, நிதியும் ஆடையும் பிறவும் உடன்போக்கி வழிவிட்டனர். வருந்தியது அன்பு, விலக்காமை ‘எனது’ என்னாமை. இவ்விரண்டும் ஓருள்ளத்து ஒருங்கு நிற்றல் கூடுமென்பது இதனாற் பெறப்படும்.

விருந்தின் முடிவில் வழிப்பயணத்துக்கெனக் கட்டமுது அமைத்தல் இதனினும் நுண்ணிது. தயிர்ச்சோறு அமைப்பார், குழைந்த சோற்றிற் பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதாகவும் விட்டுப் பிசைவர். காலையிற் பாற்சோறாய்ப் புறப்படுவது நண்பகலிற் புளியாத தயிர்ச்சோறாகும். புளிச்சோற்றுக்குப் புளிநீரைச் சுண்டக் காய்ச்சி, நல்லெண்ணெய் மிகப் பெய்து கலந்து, நன்கு ஆறியபின்னரே இலையிற் பொதிவர். வெம்மையோடு பொதிந்தால் நீர் கோத்துச் சோறு கெடும். உண்ணும் வேளைக்கு ஏற்பச் சமைத்தவர் அவ்வேளையில் அருகில்லை. உண்பார் முகமலர்ச்சியைக் காணார், நன்றியுரையுங் கேளார். பயனை நோக்காது செய்தலை நூலிற் கற்றார்க்கு, அடுப்பங்கரை அதனைச் செயலிற் கற்பிக்கின்றது.

இறைவன்தானும் இவ்வாறே ஊட்டியருளினன். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியிற் பசித்து இளைத்த திருநாவுக்கரசர்க்கு, அந்தணர் வடிவிற் காத்திருந்து பொதிசோறளித்து, உடன்நடந்து, பின் மறைந்தனன். திருக்குருகாவூர் வழியில் நம்பியாரூரர்க்கும் பந்தரிட்டுச் சோறும் நீரும் அளித்து, அவர் துயின்று எழுமுன் பந்தரோடும் மறைந்தனன். ஊட்டுதல் அருள், ஊட்டியபின் முன்னின்று கைம்மாறு வேண்டாமை அவ்வருளின் நிறைவு.

ஆதலின் வழிவிடு விருந்து செய்வார், சமைத்தவற்றை முதற்கண் சிவபெருமானுக்கு நிவேதிப்பாராக. நிவேதித்தபின் அஃது ‘எம்முணவு’ அன்று. பரிமாறும்பொழுது, “எம்மை விட்டுப் போகின்றீரே” என்று குறைகூறுதலும், முன்செய்த உதவிகளை எடுத்தெண்ணுதலும் தவிர்க. போவார்க்கு அவை உண்ட சோற்றைக் கடனாக்கும். கண்ணீர் வருமேல் வருக. அதனை மறைத்து வன்னெஞ்சர்போல் நடித்தலும் வேண்டா.

இனி, செய்தது பாசமோ சிவபுண்ணியமோ என்பதை அறிதற்கு ஓர் அளவையுண்டு. நண்பர் சென்ற மறுநாள் அவ்வில்லத்து இலைகள் சில குறையும். “இனி யாருக்காகச் சமைப்பது?” என்று கை ஓயுமாயின், அங்கு நிகழ்ந்தது பாசம். வாயிலில் வந்த வேறோர் அடியார்க்கு அக்குறைந்த இலை விரிக்கப்படுமாயின், முன்னாள் ஊட்டியதும் சிவபுண்ணியமே என்க.

திருச்சிற்றம்பலம்.