பெயர் யாருடைய உடைமை?

முரசுமோட்டை வயலோரங்களில் செந்நிறச் சிறகோடு இரைதேடும் கரிய பறவையை உழவர் செண்பகம் என்பர். தமிழகத்தில் அதுவே செம்போத்து. அன்று ஆண்ட ஆங்கிலேயரோ அதைக் 'காக்கைப் பெசன்ட்' என்று நூல்களில் எழுதிவைத்தனர். உண்மையில் அது குயிலினம். வன்னிக் காட்டின் மயிலும் காட்டுக்கோழியுமே பெசன்ட் குடும்பத்தைச் சேர்ந்தவை.

2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஊதியமின்றி எழுதும் தொண்டர்களிடையே ஈழவழக்கா, தமிழகவழக்கா என்ற விவாதம் புதிதன்று. பெரும்பான்மையோர் வழங்கும் பெயரே தலைப்பாக வேண்டும் என்பர் ஒரு சாரார்; அச்சேறிய சான்று கேட்பர் மறு சாரார். இரண்டிலும் நியாயம் உண்டு.

ஆயினும், குயிலா கோழியா என்பது கைதூக்கி முடிவுசெய்யும் செய்தியன்று. அதை ஆராய்ச்சியே தீர்க்கும். பெயரோ மக்கள் வாழ்வில் பிறந்த உடைமை. அச்சேறியதால் ஆங்கிலேயரின் பிழை மெய்யாகிவிட்டதா? அச்சேறாததால் உழவனின் சொல் பொய்யாகிவிடுமா?

தலைப்பு ஒன்றுதான் இருக்க முடியும். ஆனால் மற்றப் பெயருக்குக் கட்டுரையின் முதல் வரியிலேயே இடமளிப்பது பெரும்பான்மையோர் காட்டும் சலுகையன்று, அவர்தம் கடமை. ஊர்தோறும் வழங்கும் அச்சொற்களைத் திரட்டிச் சான்றாக்குவது ஆசிரியர், மாணவர் கடமை.