உள்ளங்கையின் சாட்சியம்

ஒரு விஷயம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது என்று சொல்ல நம்மிடம் ஒரு பழைய உவமை இருக்கிறது: உள்ளங்கை நெல்லிக்கனி. சீட்டுக்கட்டு மேஜிக் செய்பவர்களுக்கு அதே உள்ளங்கைதான் ஒளித்துவைக்கும் இடம். நீங்கள் எடுத்துப் பார்த்த இஸ்பேட் ராஜா கட்டுக்குள் எங்கோ இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும்போது, அது என் வலது கையில் லேசாக வளைந்து உட்கார்ந்திருக்கும். கை இயல்பாக இருக்க வேண்டும். விரல் விறைக்கக் கூடாது. என் கண் அந்தக் கையைப் பார்க்கக் கூடாது. ஆபீஸ் முடிந்த இரவுகளில் கண்ணாடி முன்னால் நின்று பத்து வருடம் பழகியதில் இதெல்லாம் ஓரளவு வந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை. என் கை வேர்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

சென்னை வெயிலில் எல்லோருக்கும் வேர்ப்பதைச் சொல்லவில்லை. ஏசி 18இல் ஓடும் மீட்டிங் ரூமிலும் என் உள்ளங்கை பளபளக்கும். பரீட்சைத் தாள்மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கையை ஊன்றி எழுதியவன் நான். மருத்துவர்கள் இதை ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்பார்கள். நண்பர்கள், "என்ன மச்சான், கை கழுவிட்டுத் துடைக்கலயா?" என்பார்கள்.

சீட்டுக்கு ஈரம் ஆகாது. மேஜிக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் பைசைக்கிள் சீட்டு 1885இலிருந்து வருகிறது. அடிப்படையில் அது காகிதம். அதன் மேற்பரப்பில் பொடிப்பொடியாகக் குழிகள் பதிந்திருக்கும். அவற்றில் தங்கும் காற்றால்தான் ஒரு சீட்டு இன்னொன்றின்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. ஈரம் ஏறினால் ஓரம் உப்பும், சீட்டு வளையும், விசிறியாக விரித்தால் நாலைந்து சேர்ந்து கொத்தாக நிற்கும். டபுள் லிஃப்ட் என்று ஓர் அடிப்படை வேலை உண்டு. மேலே இருக்கும் இரண்டு சீட்டை ஒரே சீட்டுபோலத் திருப்பிக் காட்ட வேண்டும். ஈரக்கையில் ஒன்று பின்தங்கிவிடும். குட்டு வெளிப்பட்டுவிடும்.

வழிகள் இல்லாமல் இல்லை. தொடங்குவதற்கு முன் குளிர்ந்த நீரில் கை கழுவித் துடைக்கலாம். பாக்கெட்டில் பருத்திக் கைக்குட்டை வைத்துக்கொள்ளலாம். ஒரு மாலைக்கு இரண்டு கட்டு எடுத்துப் போகலாம். ஒன்று ஊறினால் இன்னொன்று. முழுக்க பிளாஸ்டிக்கில் செய்த கெம் சீட்டுகள் இருக்கின்றன. இரவில் அலுமினியம் குளோரைடு கரைசலைத் தடவிக் காலையில் கழுவலாம். தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் அயன்டோஃபொரெசிஸ் என்ற சிகிச்சை உண்டு. டால்கம் பவுடர் மட்டும் வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து பசையாகிவிடும். கடைசியில் இருப்பது அறுவை சிகிச்சை. "நெஞ்சுக்குள்ள கேமரா விட்டு அந்த நரம்பை கட் பண்ணிடலாம், கை காஞ்சிடும்" என்றார் ஒரு மருத்துவர். "ஆனா முதுகுலயும் தொடையிலயும் அதிகமா வேர்க்க ஆரம்பிக்கலாம்" என்றும் சொன்னார். நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆகிறது. பேனாகூடப் பிடிக்க முடியாதபடி வேர்ப்பவர்கள் அதைச் செய்துகொள்வதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. நான் வேண்டாமென்று வந்துவிட்டேன். அதன்பிறகு என்னை விடாமல் பிடித்திருப்பது வேறொரு கேள்வி. இந்த ஈரம் என்னைப் பற்றி எதையாவது சொல்கிறதா? சொல்கிறது என்றால், அதைப் படிக்கும் உரிமை யாருக்கு?

*

உடலின் பெரும்பகுதி வேர்ப்பது சூட்டைத் தணிக்க. உள்ளங்கையும் உள்ளங்காலும் அதிலிருந்து விலகி நிற்பவை. அவை முக்கியமாக மனநிலைக்குப் பதில் சொல்பவை. பயம், எதிர்பார்ப்பு, யாரோ பார்க்கிறார்கள் என்ற உணர்வு, மனக்கணக்குப் போடுவதுகூடப் போதும். பரிணாம நோக்கில் இதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம் எனக்குப் பிடித்தமானது: ஆபத்து வந்தால் ஓட வேண்டும், மரத்தைப் பற்றி ஏற வேண்டும். லேசான ஈரம் பிடியைக் கூட்டும். நோட்டு எண்ணும் கேஷியர் விரலை ஈர ஸ்பாஞ்சில் தொட்டுக்கொள்வதும் இதற்காகத்தான். விரலுக்கும் பொருளுக்கும் இடையிலான உராய்வு, மிக வறண்டாலும் குறையும், மிக நனைந்தாலும் குறையும். நடுவில் ஓர் அளவில்தான் உச்சம். கை ரொம்ப வறண்ட மேஜிக்காரர்கள் லோஷன் தடவிக்கொண்டு சீட்டை எடுப்பார்கள். எனக்கு வேண்டியதும் ஈரமே இல்லாத கை அல்ல. என் உடம்பு உதவி செய்யத்தான் வருகிறது, கொஞ்சம் அளவு தெரியாமல். நாலு பேர் முன்னால் டைமன் ஏழைத் தூக்கப் போகிறேன் என்பது அதற்குப் புரிவதில்லை. மரம் ஏறப் போகிறேன் என்று நினைத்துக்கொள்கிறது.

இந்த விளக்கம் தெரிந்தவர்கள் குறைவு. பரவலாக இருப்பது வேறொரு விளக்கம்: கை வேர்த்தால் எதையோ மறைக்கிறான். ஏழாம் வகுப்பில் ஒரு பையனின் ஃபீஸ் பணம் காணாமல் போனது. சார் எல்லோரையும் கையை நீட்டச் சொல்லி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். என் கையைத் தொட்டதும் நின்றார். "ஏன்டா இப்படி ஊத்துது?" பதில் சொல்லத் தெரியாததால் இன்னும் வேர்த்தது. பணம் மறுநாள் அந்தப் பையனின் அட்லஸுக்குள்ளேயே கிடைத்தது. அந்த ஒரு நாள் முழுக்க, நான் வாய் திறந்து சொன்னதைவிட என் கை "சொன்னதாக" அவர் எடுத்துக்கொண்டதற்கு மதிப்பு அதிகமாக இருந்தது.

சார் செய்ததைத்தான் பாலிகிராஃப் கருவி ஒயர் போட்டுச் செய்கிறது. மூச்சு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றோடு, விரல்களில் மின்முனைகளைப் பொருத்தி வியர்வையால் தோலின் மின்கடத்தல் மாறுவதையும் அளக்கிறது. அது அளப்பது கிளர்ச்சியை. பொய் என்பது அதன்மேல் மனிதர்கள் ஒட்டும் லேபிள்.

இங்கே இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் பிரிவு 20(3). கைரேகை எடுப்பது இந்தப் பாதுகாப்புக்குள் வருமா என்ற கேள்வி 1961இல் காத்தி காலு ஓகட் வழக்கில் வந்தது. வராது என்றது நீதிமன்றம். ரேகை மாறாத ஒரு பொருள். அதைக் கொடுப்பவர் தனக்குத் தெரிந்த எதையும் சொல்லவில்லை. 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் பாலிகிராஃப், நார்கோ அனாலிசிஸ், மூளைப் பதிவுச் சோதனைகள் விசாரணைக்கு வந்தன. சம்மதமில்லாமல் இவற்றைச் செய்யக் கூடாது என்று தீர்ப்பானது. ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் அவர் மனதில் இருப்பதை அவரிடமிருந்து பிடுங்குவது, சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதற்குச் சமம்தான்.

அதே உள்ளங்கைதான். அதன் ரேகை பொருள். அதன் ஈரம் சாட்சியம். இந்த வித்தியாசத்தை முதலில் படித்தபோது நெடுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் முழுச் சமாதானம் வரவில்லை. சாட்சியம் என்றால் சொல்லாமலும் இருந்திருக்க முடிய வேண்டும். வியர்வையில் எனக்கு அந்தத் தேர்வே இல்லை. அது என் பேச்சு இல்லை. ரேகைபோல என் மனதோடு சம்பந்தமே இல்லாத பொருளும் இல்லை. மனதில் ஏதோ நடக்கிறது என்று மட்டும் சொல்கிறது. என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. பாதி வாக்கியம். மீதிப் பாதியைப் பார்ப்பவர் எழுதிக்கொள்கிறார். என் ஏழாம் வகுப்பு சாரும் அதைத்தான் எழுதினார்.

*

எனக்கு எதிராக ஒரு வாதம் இருக்கிறது. மேஜிக் செய்யும்போது நான் நிஜமாகவே ஏமாற்றுகிறேன். அப்போது வேர்ப்பது உண்மையைக் காட்டிக்கொடுப்பதுதானே?

இன்ஜினியர் புத்தி, சோதித்துப் பார்த்தேன். டபுள் லிஃப்டில் கை பொய் செய்கிறது. வேர்த்தது. அடுத்தது கில்பிரெத் தத்துவத்தில் அமைந்த வித்தை. நார்மன் கில்பிரெத் 1958இல் வெளியிட்டது. கட்டை சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று அடுக்கிவையுங்கள். யாராவது ஒருவர் மேலிருந்து தனக்குப் பிடித்த எண்ணிக்கையில் சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் போட்டுக் குவிக்கட்டும். பிறகு அந்தக் குவியலையும் மீதிக் கட்டையும் ஒருமுறை ஒன்றுக்குள் ஒன்றாக ரிஃபிள் செய்து கலைக்கட்டும். எவ்வளவு கோணல்மாணலாகக் கலைத்தாலும் சரி, மேலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் இருக்கும். கணிதம் பார்த்துக்கொள்ளும். என் கை எதுவும் செய்வதில்லை. அப்போதும் வேர்த்தது. மூன்றாவதாக ஆபீஸில் அதே தத்துவத்தைச் சீட்டுகளை முகம் மேலாகப் போட்டு, அடுக்கையும் காட்டி, ஏன் வேலை செய்கிறது என்று போர்டில் எழுதி விளக்கினேன். மறைக்க எதுவுமே இல்லை. அதே அளவு வேர்த்தது. மூன்றிலும் பொதுவாக இருந்தது பொய் இல்லை. நாலு பேர் பார்க்கிறார்கள், இது நன்றாக வர வேண்டும் என்று எனக்கு இருந்தது, அவ்வளவுதான்.

மறுபக்கம் மூணு சீட்டுக்காரர். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், திருவிழாக் கூட்டத்தில் பார்த்திருப்பீர்கள். ராணி எங்கே என்று காசு வைக்கச் சொல்வார். சீட்டை வீசும்போது அவர் செய்யும் கைத்திறனும் நான் கண்ணாடி முன் பழகுவதும் ஒன்றுதான். எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் 1902இல் சிகாகோவில் வெளிவந்த சீட்டு நூல் மேஜிக்காரர்களுக்கு இன்றும் பாடப்புத்தகம். சூதாட்ட மோசடியையும் மூணு சீட்டையும் மேடை வித்தையையும் ஒரே அட்டைக்குள் கற்றுக்கொடுக்கிறது. இரண்டையும் பிரிப்பது எதிரில் இருப்பவரின் சம்மதம். என்னிடம் வருபவருக்குத் தான் ஏமாற்றப்படப் போவது தெரியும், அதற்காகவே வருகிறார். மூணு சீட்டுக்காரரிடம் வருபவருக்குத் தெரியாது. இதில் யாருடைய கை காய்ந்திருக்கும்? ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் தோலின் இந்தப் பதில் மங்கிக்கொண்டே போகும். தினமும் நூறு பேரை ஏமாற்றுபவரின் உடம்புக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. காய்ந்த கை பழக்கத்துக்குச் சான்றாகலாம், நேர்மைக்கு ஆகாது.

*

இதெல்லாம் வெறும் சீட்டு விளையாட்டு விவகாரம் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2020இல் வந்த ஃபிட்பிட் சென்ஸ் கடிகாரத்தின் முகப்பில் உள்ளங்கையை வைத்தால், தோலின் மின்கடத்தலை அளந்து மன அழுத்தத்தின் அறிகுறியாகக் காட்டும். தன் உடம்பைத் தானே தெரிந்துகொள்வது நல்ல விஷயம். ஆனால் நான் சாஃப்ட்வேர் எழுதுபவன். ஓர் எண் ஒரு டேட்டாபேஸுக்குள் போனபிறகு அது அளந்தது என்ன என்பது மறந்துபோய், மேலே இருக்கும் பெயர் மட்டும் நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். "மின்கடத்தல்" என்று உள்ளே போவது "பதற்றம்" என்று வெளியே வரும். இன்னொரு டேபிளில் "நம்பகத்தன்மை" என்று ஆகிவிட அதிக தூரமில்லை. போலீஸ் விசாரணையில் சம்மதம் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் போனில் அந்தச் சம்மதம், யாரும் படிக்காத பக்கத்துக்குக் கீழே "ஐ அக்ரீ" என்ற ஒரு பட்டன்.

அடுத்தவரின் உடம்பில் தெரிவதைக் காணாததுபோல இருக்க முடியாது. நடுங்கும் குரல், சிவக்கும் முகம், ஈரக்கை எல்லாம் கண்ணில் படத்தான் செய்யும். பார்ப்பதில் தப்பில்லை. அர்த்தத்தை நாமே எழுதி முடித்துவிட்டு அவரிடம் கேட்காமல் இருப்பதுதான் தப்பு. இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் கையை பேன்ட்டில் துடைத்துக்கொள்வதைப் பார்த்தால், இந்த வேலை அவனுக்கு முக்கியம் என்பதற்கு மேல் ஒன்றும் எனக்குத் தெரியாது. மீதியை அவன்தான் சொல்ல வேண்டும். "டீ குடிக்கிறியாப்பா?" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிஷம் விடுவேன்.

அர்ஜென்டினாவின் ரெனே லாவண்டு ஒன்பது வயதில் விபத்தில் வலது கையை இழந்தவர். இடது கையை மட்டும் வைத்து, அதுவும் மிக மெதுவாகச் சீட்டு வித்தை செய்து உலகப் புகழ் பெற்றார். அந்த மெதுவும் அந்த ஒற்றைக் கையும்தான் அவருடைய பாணி. நான் அந்த உயரத்துக்குப் போகப் போவதில்லை. ஆனால் இருக்கிற கையை வைத்துத்தான் வித்தையைக் கட்ட வேண்டும் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். "எனக்குக் கை ரொம்ப வேர்க்கும், கட்டை நீங்களே கலைங்க." பெரும்பாலும் சிரிப்பார்கள். சிலர் "டென்ஷனா ப்ரோ?" என்பார்கள். "ஆமா ப்ரோ, இது நல்லா வரணும்ல" என்பேன். பார்ப்பவர்களில் ஒருவராவது தன் கையை நீட்டி, "எனக்கும் இப்படித்தான்" என்று மெதுவாகச் சொல்வதும் உண்டு. கில்பிரெத் அடுக்கு பாக்கெட்டில் தயாராக இருக்கும். அவரையே முதலில் கலைக்கச் சொல்வேன்.