கர்ணனிடம் கேட்ட கேள்வி

2025 ஜூன் 10, புக்கிட் ஜாலில் அரங்கம். மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றது. பெர்மாஸ் ஜெயாவில் நாமும்தான் கைதட்டினோம். செப்டம்பர் 26-ஆம் தேதி ஃபிஃபாவின் அறிவிப்பு வந்தது. வெளிநாட்டில் பிறந்த 7 ஆட்டக்காரர்களுக்காகக் கொடுக்கப்பட்ட ஆவணங்கள் போலி என்றது. அவர்களுக்கு 12 மாதத் தடை, மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். அவர்களின் தாத்தா பாட்டி இந்த நாட்டில் பிறந்ததாகப் பத்திரங்கள் சொல்லின. ஃபிஃபா தேடி எடுத்த மூலப் பத்திரங்களிலோ அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து என்று இருந்தது. நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இளைஞர்களே, அதற்குப் பிறகு நம்ம பேச்செல்லாம் ஒரே கேள்விதான்: “வெளியில பிறந்தவன் நம்ம ஜெர்சியைப் போடலாமா?” இது சரியான கேள்விதானா?

மகாபாரதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அரங்கில் அர்ச்சுனனைக் கர்ணன் போட்டிக்கு அழைத்ததும் கிருபாச்சாரியார் அவன் குலத்தைத்தான் கேட்டார். கர்ணன் தலை குனிந்தான். துரியோதனன் அந்த இடத்திலேயே அவனை அங்க நாட்டு அரசனாக்கினான். காரியத்துக்காகக் கொடுத்த பட்டம்தான் அது. ஆனா கர்ணன் அதைச் செஞ்சோற்றுக் கடனாக ஏற்றான். பாண்டவர் பக்கம் வந்தால் அரசே உனக்கு என்று கண்ணன் அழைத்தும், பெற்ற தாயே வந்து கேட்டும், அவன் மாறவில்லை.

ஆக, பிறப்பு இல்லாமலும் ஒருவன் ஓர் இடத்துக்குச் சொந்தமாகலாம். காம்பியாவில் பிறந்து, இங்கே பல ஆண்டு வாழ்ந்து, 2018-இல் நம் தேசிய அணிக்கு ஆடிய முகமது சுமாரேவை யாரும் போலி என்று சொல்லவில்லை. சொந்தமாவது என்றால் ஒன்றைப் பெறுவது மட்டுமல்ல, ஒன்றை விடுவதும்தான். தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம்ம ஆட்களுக்கு இது நல்லாத் தெரியும். இரண்டு நாடுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

அதே கர்ணன்தான் பரசுராமரிடம் தன்னைப் பிராமணன் என்று சொல்லி அஸ்திரம் கற்றான். திறமை அவனுடையது, பதிவுதான் பொய். உயிருக்குப் போராடிய நேரத்தில் வித்தை மறந்துபோனது.

“பரசுராமரின் விதியே அநியாயம்தானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மையைச் சொல்லியிருந்தால் கர்ணனுக்கு அங்கே இடமே கிடைத்திருக்காது. ஆனா காற்பந்தில் கதவு அப்படி மூடியிருக்கவில்லை. தாத்தா பாட்டி இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால், 18 வயதுக்கு மேல் வந்தவர் 5 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள்தான் குறுக்கு வழியைத் தேடினார்கள்.

இந்த விஷயம் நம் சமூகத்துக்கு ஏன் அதிகமாகச் சுடுகிறது? தோட்டத்தில் பிறந்து, மலாய் பேசி, இந்த மண்ணிலேயே உழைத்து, சிவப்பு அடையாளக் கார்டோடு வயதாகிப்போன பாட்டிகளை நமக்குத் தெரியும். அவர்களிடம் எல்லாமே உண்மை, பத்திரம் மட்டும் இல்லை. இங்கே பத்திரம் மட்டும் இருந்தது. கோபம் வரத்தான் செய்யும். ஆனா அந்தக் கோபம் வந்தவன் மேல் திரும்பினால் நாமும் கிருபாச்சாரியார் மாதிரி குலம் கேட்பவர்கள் ஆகிவிடுவோம். “உங்க தாத்தா எந்த ஊர்?” என்று நம்மைக் கேட்டால் நமக்கு வலிக்கும், இல்லையா? கேட்க வேண்டியது இதுதான்: சொன்னது உண்மையா? வரிசை எல்லாருக்கும் ஒன்றா?

உண்மை இருந்தால் மட்டும் போதாது, அதைப் பதியவும் வேண்டும். கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதிவிலாகாவில் திருமணத்தைப் பதியாமல் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப் பிறக்கும் பிள்ளை சட்டப்படி தாயின் குடியுரிமையைத்தான் தொடரும். தாய் குடிமகள் இல்லையென்றால், தகப்பன் நீலக் கார்டு வைத்திருந்தாலும் பிள்ளை நாடில்லாமல் நிற்கும் நிலை வரும். உங்கள் தாமானில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள், பாரத்தை நிரப்பிக் கொடுங்கள், பதிவிலாகாவுக்குக் கூடவே போங்கள். தர்மம் அங்கேயும்தான் இருக்கிறது.