டேப் என்னுடையது, தீர்மானம் யாருடையது?

பிரியமானவர்களே, "இது என் பொருள், என் இஷ்டம்" என்கிற வார்த்தையை நாம் எல்லாரும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். வீட்டுச் சுவருக்கு எந்த வர்ணம் பூசுவது என்கிற காரியத்தில் அது சரிதான். ஆனால் கையிலிருக்கிற டேப்லெட்டின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்கிறதா, விட்டுவிடுகிறதா என்கிற காரியத்தில் அந்த வார்த்தை செல்லுமா? டேப்லெட் என்றவுடன் மாத்திரையை நினைத்துவிடாதிருங்கள்! நம் வீடுகளில் "டேப்" என்று சொல்லுகிறோமே, அதைத்தான் சொல்லுகிறேன்.

"ஒரு பட்டனை அமுக்குகிற வேலை. இதில் என்ன பெரிய நியாய விசாரணை?" என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், ஆனால் முழுவதும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

இந்த வேலை கொஞ்சம் தெரிந்தவன் என்பதால் அநேகர் என்னிடத்தில் டேப்பைக் கொண்டுவருவதுண்டு. வயதான ஒரு தாயார், "தம்பி, இது தினமும் எதையோ கேட்டுக்கிட்டே இருக்கு. அமுக்கட்டுமா, வேண்டாமா?" என்று பயத்தோடு கேட்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா, "நல்லா ஓடுற வண்டியை எதுக்கு பிரதர் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பணும்?" என்பார். வாலிபப் பிள்ளைகளோ, "வந்த அன்னைக்கே போட்டுடுவோம்ணே, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்பார்கள். இந்த மூன்று பேரில் யார் சொல்லுவது நியாயம்?

முதலாவது, அப்டேட் என்றால் என்ன என்று பார்ப்போம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, புதுப் பதிப்பு. முகப்பு மாறும், புது வசதிகள் வரும். மற்றொன்று, பாதுகாப்புத் திருத்தம். வெளியே ஒன்றும் மாறினதாகத் தெரியாது, ஆனால் உள்ளே இருந்த ஒரு ஓட்டை அடைக்கப்படும். அநேகர் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பிப்போகிறார்கள். புதுப் பதிப்பு வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல. திருத்தம் உடைந்த தாழ்ப்பாளை மாற்றுவதுபோல.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விசேஷம் இருக்கிறது. நிறுவனம் திருத்தத்தை வெளியிடுகிற நாளிலேயே, ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துபோகிறது. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து அவன் கண்டுபிடித்துவிடுகிறான். ஆகவே நேற்றுவரை யாரும் அறியாதிருந்த உடைந்த தாழ்ப்பாள், இன்றைக்கு ஊரறிந்த தாழ்ப்பாள் ஆகிவிடுகிறது. "நல்லா ஓடுற வண்டி" என்று அந்த ஐயா சொன்னது உண்மைதான். வண்டி ஓடுகிறது, ஆனால் கதவு பூட்டவில்லை.

"திருடு போனால் என் பொருள்தானே போகும், மற்றவனுக்கு என்ன?" என்று கேட்பீர்களானால், 2017-ல் நடந்ததைச் சொல்லுகிறேன். அவை டேப்கள் அல்ல, விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். ஆனாலும் பாடம் ஒன்றே. அந்த வருஷம் மார்ச் 14-ம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. இரண்டு மாதம் கழித்து, மே 12-ம் தேதி, அதே ஓட்டை வழியாக வன்னாக்ரை என்னும் வைரஸ் புகுந்து, கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேலான கம்ப்யூட்டர்கள் அகப்பட்டன. இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவமனைகளும் தப்பவில்லை. நோயாளிகளுக்குக் குறித்திருந்த 19,000-க்கும் மேற்பட்ட சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. சற்று யோசித்துப் பாருங்கள்! அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தவன் எந்தப் பட்டனையும் அமுக்காமல் விட்டவன் அல்ல. விட்டது ஒருவர், கஷ்டப்பட்டது வேறொருவர்.

நம்முடைய டேப்பிலும் அப்படியே. அதில் என் படங்கள் மாத்திரமா இருக்கின்றன? உங்களுடைய போன் நம்பர் இருக்கிறது. என் தங்கை பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழ் இருக்கிறது. ஒருவர் நம்பிக்கையோடு எனக்கு எழுதின அந்தரங்கமான விண்ணப்பம் இருக்கிறது. என் டேப்பைப் பிடித்துக்கொள்ளுகிறவன் என் பேரிலேயே, "அவசரம், ஐயாயிரம் அனுப்புங்க" என்று உங்களுக்கு எழுதலாம்; நீங்களும் என்னை நம்பி அனுப்பிவிடலாம். ஆகவே பொருள் என்னுடையதாயிருந்தாலும், அதற்குள் இருக்கிறதெல்லாம் என்னுடையது அல்ல. மற்றவர்கள் என்னிடத்தில் ஒப்புவித்தது அதில் பாதி. ஒப்புவிக்கப்பட்டதைக் காப்பது என் இஷ்டமல்ல, என் கடமை.

அப்படியானால் அந்த வாலிபப் பிள்ளைகள் சொல்லுவதுதான் சரியா? கேட்டவுடனே "சரி" என்று அமுக்கிவிட வேண்டியதுதானா? அதற்கும் அவசரப்பட்டு ஆம் என்று சொல்லமாட்டேன். நியாயம் ஒரு பக்கம் மாத்திரம் கட்டுகிற கயிறு அல்லவே.

2017 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு 10.2.1 என்கிற அப்டேட்டை வெளியிட்டது. பேட்டரி பழையதான போன்கள் திடீரென்று அணைந்துபோகாதபடிக்கு அது அவற்றின் வேகத்தைக் குறைத்தது. எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் வேகம் குறையும் என்பதை வாங்கினவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லவில்லை. அநேகர் போன் கெட்டுவிட்டது என்று எண்ணினார்கள். டிசம்பரில்தான் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் நாட்டு அதிகாரிகள், உபயோகிப்பவர்களுக்கு இதைத் தெரிவிக்கவில்லை என்பதற்காக 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தார்கள். மறைத்துச் செய்கிற நன்மை நம்பிக்கையைக் கெடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா?

இன்னும் கேளுங்கள். அதே 2017 செப்டம்பரில் ஐபேடுக்கு 11-ம் பதிப்பு வந்தபோது, 32-பிட் முறையில் எழுதப்பட்டிருந்த பழைய ஆப்கள் ஒன்றும் அதில் திறக்கவில்லை. காசு கொடுத்து வாங்கினது, பழகினது, எல்லாம் போயிற்று. பழைய பதிப்புக்குத் திரும்பலாமென்றால், கொஞ்ச நாளில் நிறுவனம் அந்த வழியையும் அடைத்துவிடுகிறது. இதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் திரும்பி வர முடியாத வாசலுக்குள் ஒருவரை அழைக்கிறவன், உள்ளே என்ன இருக்கிறது என்று முன்னமே சொல்ல வேண்டாமா?

ஆகவே நான் சொல்ல வருகிறது இதுதான்: அப்டேட் என்பது இரண்டு பக்கத்து உடன்படிக்கை. "உன் அயலானுக்காக இதை உடனே போடு" என்று என்னிடத்தில் கேட்கிற நிறுவனத்துக்கும் இரண்டு கடமைகள் உண்டு. முதலாவது, செய்கிறதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாவது, பாதி வழியில் கைவிடக்கூடாது.

இந்த இரண்டாவது கடமை முடியாத காரியம் அல்ல. முதல் ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. 2012-ல் வந்த 5.1.1-தான் அதற்குக் கடைசிப் பதிப்பு. இரண்டே வருஷம்! ஆனால் 2013-ல் வந்த ஐபேட் ஏர், 2019-க்குப் பிறகு புதுப் பதிப்பு கிடைக்காமல் போனாலும், 2023 ஜனவரியில்கூட 12.5.7 என்கிற பாதுகாப்புத் திருத்தத்தைப் பெற்றது. ஒன்பது வருஷத்துக்குப் பின்னும் தாழ்ப்பாளை மாற்றித் தர முடிந்தது. மனதிருந்தால் வழியுண்டு. மனதில்லாதபோது சட்டம் வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி அமலுக்கு வந்தது. அதன்படி அப்டேட் கொடுக்கிற நிறுவனம், ஒரு டேப் மாடலின் விற்பனையை நிறுத்தின பிறகும் குறைந்தது 5 வருஷம் அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

இப்போது அந்த வயதான தாயாரைப்போன்ற ஒருவரின் கையில், கைவிடப்பட்ட ஒரு பழைய டேப் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட் இனி வராது. புதிது வாங்கப் பணமும் இல்லை. பென்ஷன் பணம் வருகிற பேங்க் ஆப்பும் அதிலேதான் இருக்கிறது. அவர்களிடம் போய், "அயலானுக்கு உன் கடமை" என்று பேசுவது நியாயமாகுமா? ஆகாது. செய்யக்கூடாததை அல்ல, செய்ய முடியாததையே அவர்கள் விட்டார்கள். அந்த இடத்தில் கடமை தெரிந்தவன் பக்கம் திரும்புகிறது. பேங்க் ஆப்பை எடுத்துவிட்டு, கணக்குக் காரியங்களை பேங்கிலேயோ, நம்பிக்கையான பிள்ளையின் போனிலேயோ பார்க்க வழிசெய்து கொடுக்கலாம். பாட்டுக் கேட்கவும், முன்னமே இறக்கி வைத்ததை வாசிக்கவும் அந்த டேப் இன்னும் உதவும். தூக்கி எறிய வேண்டியதில்லை.

மற்றவர்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்:

1. பாதுகாப்புத் திருத்தத்தைத் தாமதிக்காதீர்கள். புதுப் பதிப்பானால், சில வாரம் பொறுத்து, போட்டவர்களை விசாரித்துப் போடுவதில் தவறில்லை. அதுவரை திருத்தங்கள் தனியே வருமானால் அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

2. போடுமுன் படங்களுக்கும் முக்கியமான கோப்புகளுக்கும் ஒரு நகல் எடுத்துவையுங்கள். சார்ஜரைச் சொருகி, வை-ஃபை இணைப்பில் போடுங்கள், நடுவில் அணைக்காதீர்கள்.

3. ஏதாவது ஒரு இணையப் பக்கத்திலோ மெசேஜிலோ "உடனே அப்டேட் செய்" என்று வந்தால் தொடவே தொடாதீர்கள். டேப்பின் செட்டிங்ஸுக்குள் நீங்களே போய், அங்கே காட்டுகிறதை மாத்திரம் போடுங்கள்.

4. புது டேப் வாங்கும்போது, "இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். விலையைக் கேட்கிற நாம் இதையும் கேட்க ஆரம்பித்தால், விற்கிறவர்களும் பதில் சொல்லப் பழகுவார்கள்.

அன்பானவர்களே, சிறிய காரியத்தில் அயலானை நினைக்கிறவன் பெரிய காரியத்திலும் நினைப்பான். அந்தப் பட்டனை அமுக்கப் பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ ஆகும். இன்றைக்கு வீட்டுக்குப் போனவுடன் உங்கள் டேப்பைப் பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டில் தனியாயிருக்கிற பெரியவர்களின் டேப்பையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். "அமுக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்க ஆள் இல்லாமல் அவர்கள் எத்தனை நாளாய்க் காத்திருக்கிறார்களோ!