யார் பங்கில்?

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் சந்தோஷப்பட்டானே, அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-ல் வெளியிட்ட தன்வரலாற்றில் வருகிற இடம் அது. மேரிலாந்தில் அவருடைய எஜமான் ஆரன் ஆன்டனி 1826-ல் உயில் எழுதாமல் இறந்துபோனார். மறு வருடம் சொத்தைப் பிரித்தார்கள். பால்டிமோரில் வளர்ந்துவந்த பையன் ஃபிரெடரிக்கையும் அதற்காக வரவழைத்தார்கள்; அவனும் சொத்துதானே. குதிரை, ஆடு, பன்றிகளோடு மனிதர்களையும் நிறுத்தி விலை மதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே பயம், எஜமானின் மூத்த மகன் ஆன்ட்ரூவின் பங்கில் விழுந்துவிடக் கூடாதே என்று. குடிகாரர் அவர். பையனின் தம்பியைக் கீழே தள்ளி, மூக்கிலும் காதிலும் ரத்தம் வரும்வரை தலையைப் பூட்ஸ் காலால் மிதித்தவர். பையன், எஜமானின் மகள் லுக்ரீஷியாவின் பங்கில் விழுந்தான். பால்டிமோருக்கே திரும்பிப் போகலாம். சந்தோஷப்பட்டான்.

எங்கள் தாத்தா காலமான பிறகு வீட்டுத் திண்ணையில் பாகம் பிரித்தது நினைவுக்கு வருகிறது. ஒரு பங்கில் அண்டா கூடினால் இன்னொரு பங்கில் குத்துவிளக்கு. எந்தப் பிள்ளைக்கும் குறை வந்துவிடக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். நியாயம் என்றால் இதுதான் என்று நினைத்து வளர்ந்தவன் நான். மேரிலாந்திலும் பிள்ளைகளுக்குள் பங்கு சமமாக வர வேண்டும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு சரியாக வருவதற்காகவே தாயை ஒரு பக்கமும் பிள்ளையை ஒரு பக்கமும் வைக்க வேண்டியிருந்தது. சவுக்கைவிட இதுதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது. சவுக்கை ஓங்குகிறவனுக்குத் தான் அடிக்கிறோம் என்றாவது தெரியும். பங்கு பிரித்தவர்களோ யாருக்கும் அநியாயம் செய்யாத நிம்மதியோடு வீடு போயிருப்பார்கள்.

அந்தப் பையனிடமே திரும்பத் திரும்ப வருகிறேன். அன்று அவன் தப்பித்தான். அவன் பாட்டியும் மற்றவர்களும் அந்தப் பட்டியலிலேதான் இருந்தார்கள். தம்பியின் ரத்தத்தைப் பார்த்த கண்ணுக்கு நல்ல எஜமானி வாய்த்ததே பெரிய வரமாகத் தெரிந்திருக்கும். அதைச் சந்தோஷம் என்று சொல்லலாமா, ஒரு குழந்தையை அவ்வளவுக்குச் சுருக்கிவிட்ட கொடுமை என்றுதான் சொல்ல வேண்டுமா? என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. வளர்ந்தபின் அவரே அதை மறைக்காமல் எழுதிவைத்தார்.

மேரிலாந்தில் அடிமைமுறை ஒழிந்தது 1864-ல். அந்தப் பங்கீடு நடந்து 37 வருடங்கள் ஆகியிருந்தன.