தண்ணீரைப் பங்கிட்ட கை

சோழவந்தான் பக்கம் பஸ்ஸில் போகும்போது நெல்வயலின் பச்சையைக் கண்டு மகிழாதவர் யார்? இது யாரால் வந்தது என்று கேட்டால், மதுரைச் சீமையில் சிறுபிள்ளைகூட பென்னிகுவிக் துரையின் பெயரைச் சொல்லும். 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி வைகையில் சேர்த்தது. அவருக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் 2013-ல் திறக்கப்பட்டது. நியாயமான நன்றிதான். ஆயினும் அணை கட்டுவது ஒருமுறை நடக்கும் காரியம். தண்ணீரைப் பங்கிடுவதோ ஆண்டுதோறும், இரவு பகலாக நடக்கவேண்டிய காரியம். அதைச் செய்துவந்தவர்களைப்பற்றி நாம் நினைப்பதுண்டா?

பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிகிறது. அங்கிருந்து கள்ளந்திரி வரை இருபோக நிலம் 45,041 ஏக்கர். அதற்கப்பால் மேலூர்ப் பக்கத்து ஒருபோக நிலம் 85,563 ஏக்கர். தலைமடைக்காரனுக்கு இரண்டு போகம், கடைமடைக்காரனுக்கு ஒன்று. சண்டைக்கு இதைவிட வேறென்ன வித்து வேண்டும்? மேலேயுள்ளவன் இரவில் மடையைச் சற்றே தூக்கிவிட்டால், கீழேயுள்ளவன் பயிர் கதிர் பிடிக்காமல் கருகும்.

கால்வாயின் மதகுகளுக்குச் சர்க்கார் நியமித்த காவலர் லஸ்கர். இங்கிலாந்தில் படகு விடுவதற்காக வெட்டிய கால்வாய்களிலும் இத்தகைய மனிதர் இருந்தனர். 1810-ல் திறந்த கென்னட்-ஏவன் கால்வாயைப் போன்றவற்றில், படகை ஒரு மட்டத்திலிருந்து மறுமட்டத்துக்கு ஏற்றியிறக்கும் நீர்க்கதவுகளுக்குக் காவலர் உண்டு. அவர்களுக்குக் கூலி கம்பெனியார் கொடுத்தது; நம் லஸ்கருக்குச் சம்பளம் சர்க்கார் கொடுப்பது. பயிர் விளைந்தாலும் காய்ந்தாலும் சம்பளம் ஒன்றே. மேலதிகாரியின் உத்தரவுப்படி திறப்பதும் அடைப்பதும் அவர் கடமை. நள்ளிரவில் பத்துப்பேர் கம்போடு வந்து “தூக்கு ஷட்டரை” என்றால் அவர் என்ன செய்வார் என்பது வேறு விஷயம்.

பெரியாற்றுத் தண்ணீர் மேலூர்ப் பக்கம் பல கண்மாய்களையும் நிரப்புகிறது. கண்மாய் மடையைத் தாண்டிவிட்டால் ஆட்சி ஊருடையது. அங்கே மண்வெட்டியும் தோளுமாக வரப்பில் நடந்தவர் நீர்க்கட்டி. தண்ணீர் மிகுந்த காலத்தில் அவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. பஞ்சம் தலைகாட்டினால்தான் அவர் மகிமை தெரியும். அப்போது நிலக்காரர் எவரும் தம் வயலுக்குத் தாமே நீர் பாய்ச்சக்கூடாது என்று ஊர் கட்டுப்பாடு செய்யும். வயல் வயலாக அவரே முறை வைத்துப் பாய்ச்சுவார். பண்ணையாரும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இத்தனை அதிகாரத்தை ஊரார் யாரிடம் கொடுத்தார்கள்? பெரும்பாலும் நிலமில்லாதவரிடம். தனக்கென்று வயலில்லாதவன் ஒருபக்கம் சாயமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. ஒன்றுமில்லாதவனே நடுநிலை வகிப்பான் என்ற இந்த எண்ணம் சரியா, வாசகரே? எனக்கு அது முழுவதும் சரியென்று தோன்றவில்லை. பசித்தவனை ஒரு மூட்டை நெல்லால் வளைத்துவிடலாமே! அவரை நேர்வழியில் நிறுத்தியதில் வறுமையைவிட அவர் கூலிக்கே பங்கு அதிகம். அறுவடை முடிந்ததும் களத்தில் ஒவ்வொரு நிலக்காரரும் அவருக்கு நெல் அளந்தார்கள். ஒரு வயல் காய்ந்தால் அவர் குதிரிலும் அவ்வளவு நெல் குறையும். எவர் வயலும் அவருக்குச் சொந்தமில்லை. ஆனால் எல்லார் வயலிலும் அவருக்கு ஒரு பங்கு இருந்தது. நடுநிலை என்பது பற்றற்ற நிலை என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம். இங்கே எல்லார் நஷ்டமும் தன் நஷ்டமாக வந்து சேர்ந்ததனாலல்லவா ஒருவர் நடுநிலையாய் நின்றார்!

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. நீர்க்கட்டிகளில் மிகப் பலர் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்தவர். ஊரார் வயலுக்கெல்லாம் தண்ணீர் விட்ட அதே கை, ஊர்க் கிணற்றில் வாளியிட அனுமதிக்கப்படவில்லை. தீண்டாமையை அரசியல் சட்டம் 1950-ல் ஒழித்தது. கிணற்றடி அன்றைக்கே மாறிவிடவில்லை. தன் பயிரின் உயிரை ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு, அவன் மொண்ட நீரைக் குடிக்க மறுப்பவன் அவனை நம்பினான் என்று சொல்லலாமா? நம்பினான்தான், பூட்டை நம்புவதுபோல. நிலமில்லாமை அவருடைய தகுதி என்று புகழ்ந்தவர்களுக்கு, அவர் என்றும் நிலமில்லாதவராகவே இருப்பது எவ்வளவு சௌகரியம்!

இன்று பல ஊர்களில் அந்த வேலையும் நழுவுகிறது. பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குப் போகிறார்கள். அதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். மிஞ்சிய சில நீர்க்கட்டிகளுக்கு வேறொரு வழக்கு உண்டு. ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கும் நிலக்காரர், “என் வயலுக்கு நீ பாய்ச்சவில்லையே, உனக்கு ஏன் நெல் அளக்கவேண்டும்?” என்று கேட்கிறார். கேள்வி நேர்மையானதுபோல் தோன்றும். ஆனால் கண்மாய் நிறைந்தால் அந்தக் கிணற்றிலும் ஊற்று ஏறுகிறது. ஐப்பசி அடைமழையில் கரை உடையாமலிருக்க இரவெல்லாம் சுற்றிவந்தவர் அவர்தான். அந்த நெல் அவருக்குரியதா, இல்லையா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.